எதன்மேல் பன்னிரண்டு சதவீதம்?

கல்லூரிகளின் பகுதிநேர ஆசிரியர்களுக்கான நலப்பங்களிப்பு வீதங்களும் அவற்றின் உள்கணக்கும்

பணியாளருக்குக் கையில் கொடுக்கும் சம்பளத்தோடு ஒரு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அவருடைய முதுமை, நோய், மகப்பேறு, விபத்து, இறப்பு ஆகியவற்றை முன்னிட்டுச் சட்டம் ஒதுக்கச் சொல்லும் தொகையும் அதன் தலையில் இருக்கிறது. சம்பளத்தின் சதவீதமாகக் கணக்கிட்டு மாதந்தோறும் கட்டப்படும் அத்தொகையை நலப்பங்களிப்பு என்றும், அந்தச் சதவீதத்தை நலப்பங்களிப்பு வீதம் என்றும் சொல்லலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முழுநேரப் பணியாளருக்கு ஒரு வீதமும் பகுதிநேரப் பணியாளருக்கு வேறொரு வீதமும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகின்றன. இந்தியாவில் அப்படி ஓர் எண் ஓரிடத்தில் அறிவிக்கப்படுவதில்லை. மக்கள் வழக்கில் பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை என்று தனித்தனியே சிதறிக் கிடக்கும் வீதங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் அந்த எண் தெரியவரும்.

தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பஞ்சாலைக்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, கரிசல் காட்டின் கல்வி ஊராகவும் வளர்ந்திருக்கிறது. மானாவாரி வேளாண்மைக்காக 1901இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஆராய்ச்சி நிலையம், 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற கலை அறிவியல் கல்லூரிகள் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள் படித்து மேலேறும் படிகள் இங்கே இருக்கின்றன. அப்படிப் படித்து முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர்களில் ஒரு பகுதியினர், தமிழ்நாட்டின் பிற ஊர்களில் உள்ளவர்களைப் போலவே, நிலையான பணியிடம் கிடைக்கும்வரை தொகுப்பூதியத்திலோ மணிக்கணக்கிலோ கற்பிக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை நலப்பங்களிப்பு வீதம் 2014க்குப் பின் பலமுறை மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றங்களைக் காட்டிலும் அவர்கள் வாழ்வைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: வீதம் எந்தத் தொகையின்மேல் விழுகிறது, திட்டத்தின் வாசல் யாருக்குத் திறக்கிறது, ஆண்டில் எத்தனை மாதம் அது தொடர்கிறது.

ஆலை வாசலும் கல்லூரி வாசலும்

ஊழியர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் வந்தபோது சிமென்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், துணி ஆகிய 6 தொழில்களுக்கே பொருந்தியது. துணித்தொழில் அந்த முதல் பட்டியலில் இருந்ததால், பஞ்சாலைகள் உள்ள கோவில்பட்டி போன்ற ஊர்களில் 'பி.எஃப். பணம்' என்ற சொல் ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது. கல்வி நிறுவனங்களுக்கு அச்சட்டம் விரிவுபடுத்தப்பட்டது 1982இல்தான். ஆலைச் சங்குக்கும் கல்லூரி மணிக்கும் இடையே இந்த உரிமையில் 30 ஆண்டு தூரம் இருந்தது.

மற்ற இரண்டு உரிமைகளும் இதே வழியில்தான் நடந்தன. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் இயற்றப்பட்டாலும், தமிழ்நாட்டின் தனியார் கல்வி நிறுவனங்களை அதன்கீழ்க் கொண்டுவரும் அரசாணை 2010இல் வெளியானது. அதை எதிர்த்து எழுந்த வழக்குகளுக்குப் பின் 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது. 1997இல் கல்வி நிறுவனங்களுக்கு விரிந்தது. ஆனால் சட்டம் 'ஊழியர்' என்று சொல்வதில் ஆசிரியர் அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் கூறியதால், எழுத்தருக்கும் காவலாளிக்கும் கிடைத்த பணிக்கொடை பாடம் நடத்தியவருக்குக் கிடைக்காத நிலை உண்டாயிற்று. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியரும் ஊழியரே என்று பின்தேதியிட்டு அறிவித்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது.

இவ்வளவு தாமதத்திற்கும் அடியில் ஓர் எண்ணம் கிடந்தது. கற்பித்தல் என்பது தொண்டு, ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்ற எண்ணம் அது. மரியாதைபோலத் தோன்றும் இந்த எண்ணமே, 'கௌரவ விரிவுரையாளர்' என்ற பெயரிலும் 'மதிப்பூதியம்' என்ற சொல்லிலும் இன்றும் தங்கியிருக்கிறது. மதிப்பூதியம் என்று பெயரிட்டுவிட்டால் அது ஊதியமாகாது, ஊதியமாகாததன்மேல் சதவீதம் கணக்கிட வேண்டியதில்லை என்ற வாதத்தைக் கல்வி நிறுவனங்கள் சில எழுப்புவதும் அதனால்தான்.

வருகைதரு பேராசிரியரும் வந்துகொண்டேயிருக்கும் ஆசிரியரும்

கல்விக்கூடத்தில் நிலையற்ற பணியிடம் தோன்றியதற்கு நல்ல காரணம் ஒன்று இருந்தது. பட்டத்தால் அளக்க முடியாத அறிவை வகுப்பறைக்குள் கொண்டுவர ஒரு தனி வாசல் தேவைப்பட்டது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்து, பள்ளிப்படிப்பையும் முடிக்காத எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது அந்த வாசல் வழியாகத்தான். கரிசல் வழக்குச் சொற்களையும் நாட்டுப்புறக் கதைகளையும் அவரளவு அறிந்தவர் துறையில் இல்லை என்பதே அதற்குரிய தகுதி. வெளியே வேறொரு வாழ்வும் பெயரும் உடையவர், சில காலம் வந்து கற்பித்துச் செல்வார் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

இன்று அந்தப் பெயருக்குள் நிறைந்திருப்போர் வேறு வகையினர். வேறு வருமானம் இல்லாதவர்களாய், உரிய கல்வித் தகுதிகளோடு, ஒரே கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் வழக்கமான பாடத்தையே நடத்துபவர்கள் அவர்கள். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர், உதவிபெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதிய ஆசிரியர், வேறு இடங்களில் மணிநேர விரிவுரையாளர் என்று பெயர்கள் பலவாயினும் பணி ஒன்றே. தொகுப்பூதியம் என்பது அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி என்று பிரிக்காமல் மொத்தமாகக் குறிக்கப்படும் தொகை. ஆசிரியர் பற்றாக்குறைக்கு இடைக்காலத் தீர்வாக வந்த ஏற்பாடு, துறைகளை நடத்தும் முறையாகவே ஆகிவிட்டது.

வைப்பு நிதிச் சட்டம் இந்தப் பெயர்களைப் பொருட்படுத்துவதில்லை. நிறுவனத்தின் பணியிலோ அப்பணி சார்ந்தோ ஊதியத்திற்கு அமர்த்தப்பட்ட எவரும் அதன் கண்ணில் ஊழியர்தான். நேரடியாக அமர்த்தப்பட்டவர், ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர், முழுநாள் இருப்பவர், இரண்டு மணிநேரம் வந்து செல்பவர் என்ற வேறுபாட்டை அது வகுக்கவில்லை. எனவே பகுதிநேரத்தாருக்கென்று சட்டத்தில் தனி வீதம் கிடையாது. முழுநேரத்தாருக்கு என்ன சதவீதமோ அதுவே அவருக்கும்.

இறங்கிவந்த வீதங்கள்

வைப்பு நிதிக்கு ஊழியர் செலுத்தும் பங்கும் நிறுவனம் செலுத்தும் பங்கும் 1952இல் தலா 6¼ சதவீதமாகத் தொடங்கி, 1988இல் 8.33 ஆகவும், 1997இல் பெரும்பாலான நிறுவனங்களுக்கு 12 ஆகவும் உயர்ந்தன. நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 பங்கு 1995 நவம்பர் முதல் ஓய்வூதியத் திட்டத்திற்குப் பிரிந்து செல்கிறது, எஞ்சிய 3.67 மட்டுமே ஊழியரின் சேமிப்புக் கணக்கில் சேர்கிறது. இவற்றோடு, பணிக்காலத்தில் ஊழியர் இறந்தால் குடும்பத்திற்குத் தொகை வழங்கும் காப்பீட்டிற்காக 0.5 சதவீதத்தையும், திட்டத்தை நடத்தும் செலவுக்கான நிர்வாகக் கட்டணத்தையும் நிறுவனமே கட்ட வேண்டும்.

அண்மைக் காலத்தில் மாறியவை இந்தச் சிறு வீதங்களே. நிர்வாகக் கட்டணம் 1.10 சதவீதத்திலிருந்து 2015 ஜனவரியில் 0.85 ஆகவும், 2017 ஏப்ரலில் 0.65 ஆகவும், 2018 ஜூனில் 0.50 ஆகவும் குறைந்தது. காப்பீட்டுக்கென்று தனியே பெறப்பட்ட 0.01 சதவீதக் கட்டணம் 2017இல் கைவிடப்பட்டது. ஈ.எஸ்.ஐ.யில் மாற்றம் இன்னும் பெரிது. 1997 முதல் நிறுவனம் 4.75, ஊழியர் 1.75 என்று மொத்தம் 6.5 சதவீதமாக இருந்த பங்களிப்பு, 2019 ஜூலை 1 முதல் முறையே 3.25, 0.75 என்று 4 சதவீதமாக இறங்கியது.

கூட்டிப் பார்த்தால், 2014இல் ஒரு கல்லூரி தன் பகுதிநேர ஆசிரியருக்காகக் கட்ட வேண்டியிருந்தது வைப்பு நிதி வகையில் 13.61, ஈ.எஸ்.ஐ. வகையில் 4.75, ஆக 18.36 சதவீதம். 2019 ஜூலைக்குப் பின் அது 13, 3.25, ஆக 16.25 சதவீதம். பணிக்கொடை மாதந்தோறும் கட்டப்படுவதன்று. ஓர் ஆண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம், மாதத்திற்கு 26 வேலைநாள் என்ற கணக்கில் கணக்காளர் ஒதுக்கிவைப்பது சம்பளத்தில் ஏறத்தாழ 4.81 சதவீதம். அதையும் சேர்த்தால் இன்றைய மொத்த நலப்பங்களிப்பு வீதம் 21 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 100 ரூபாய்ச் சம்பளம் நிறுவனத்திற்கு 121 ரூபாய்ச் செலவு என்பதே இதன் பொருள்.

மாதம் 12,000 ரூபாய் பெறும் ஒருவரைக் கொண்டு இதை விளக்கலாம். அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுவது வைப்பு நிதிக்கு 1,440, ஈ.எஸ்.ஐ.க்கு 90, கைக்கு வருவது 10,470. நிறுவனம் தன் பணத்திலிருந்து கட்டுவது 1,950. இந்த 1,950 ரூபாயை ஊழியரின் சம்பளத்திலிருந்தே பிடிப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஆனால் 'மொத்தத் தொகுப்பு 12,000. இரு பங்கும் அதற்குள்ளேயே' என்று சொல்லி நியமிக்கும் வழக்கம் இருக்குமிடத்தில், அதே ஆசிரியர் 8,520 ரூபாயோடு வீடு திரும்புவார். இரண்டு ஏற்பாடுகளின் கணக்கேட்டிலும் வீதம் ஒன்றாகவே இருக்கும்.

எத்தனை உழவு மழை

கரிசல் காட்டில் மழையை அது பெய்த நேரத்தைக் கொண்டு அளப்பதில்லை. மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்த்து, ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று சொல்வது மானாவாரி உழவரான சம்சாரியின் வழக்கம். நலப்பங்களிப்பையும் அப்படித்தான் அளக்க வேண்டியிருக்கிறது. சதவீதம் பெய்யும் மழை என்றால், அது விழும் ஊதியத் தொகையே மண்.

வைப்பு நிதி கணக்கிடப்படுவது அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றின்மேல். வீட்டு வாடகைப்படி போன்ற சில படிகளுக்கு விலக்கு உண்டு. எனவே 12,000 ரூபாயைப் பாதியாகப் பிரித்து, 6,000 அடிப்படை, 6,000 'சிறப்புப் படி' என்று எழுதிவிட்டால் நிறுவனத்தின் வைப்பு நிதிச் செலவு 1,560இலிருந்து 780 ஆகக் குறையும். 2014க்கும் 2019க்கும் இடையே எல்லா வீதக் குறைப்புகளும் சேர்ந்து இந்த ஒரு சம்பளத்தில் நிறுவனத்திற்கு மிச்சப்படுத்தியது மாதம் ஏறத்தாழ 253 ரூபாய். அடித்தளத்தைப் பாதியாக்கும் பேனாக் கோடு ஒன்று மிச்சப்படுத்துவது 780. ஊழியர் பக்கத்தில் இதன் விளைவு இரட்டிப்பாகும், ஏனெனில் அவருடைய சொந்தச் சேமிப்பும் ஓய்வூதியக் கணக்கில் பதியும் ஊதியமும் பாதியாகிவிடுகின்றன. கைக்கு வரும் பணம் 720 ரூபாய் கூடுவதால் மாத இறுதியில் இது நன்மைபோலவே தோன்றும்.

இந்தப் பிரிப்பு முறையைத் தடுத்த முக்கியத் தீர்ப்பு ஒரு பள்ளியின் பெயரால் அறியப்படுகிறது. மேற்கு வங்கத்தின் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் 2019 பிப்ரவரி 28 அன்று, எல்லா ஊழியருக்கும் பொதுவாக, மாதந்தோறும் வழங்கப்படும் படி எந்தப் பெயரில் இருந்தாலும் அது அடிப்படை ஊதியத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இன்னொரு வேலியையும் போட்டிருக்கிறது. விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தின் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். அதாவது, படிகளின் பெயரால் அடித்தளத்தைப் பாதிக்குக் கீழே இறக்க இனி இடமில்லை.

ஊதியம் உயர்ந்தால் மூடும் கதவு

அடுத்தது வாசல். வைப்பு நிதியில் கட்டாயமாகச் சேர வேண்டிய ஊதிய உச்சவரம்பு 2001இல் 6,500 ரூபாயாகவும், 2014 செப்டம்பரில் 15,000 ஆகவும் உயர்த்தப்பட்டு, அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கேயே நின்றது. பணியில் சேரும்போதே 15,000க்கு மேல் பெறுபவர், முன்னரே உறுப்பினராக இல்லாவிட்டால், 'விலக்கப்பட்ட ஊழியர்' என்ற வகையில் வெளியே நிற்பார். இரு தரப்பும் இசைந்தால் சேரலாம் என்றாலும் நிறுவனத்திற்குக் கட்டாயமில்லை. ஈ.எஸ்.ஐ.யின் உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய்.

இதனால் விளையும் முரண் எளிதில் கண்ணில் படாதது. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வருகைதரு விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 வரை என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை முழுமையாக நிறைவேறும் இடத்தில் ஆசிரியர் இரண்டு உச்சவரம்புகளையும் ஒருசேரத் தாண்டிவிடுகிறார். 12,000 ரூபாயில் பணியில் சேர்பவருக்கு இருக்கும் ஓய்வூதிய உரிமையும் மருத்துவ உரிமையும், 25,000 ரூபாயில் புதிதாகச் சேர்பவருக்குக் கட்டாயம் அல்லாதவை ஆகின்றன. ஊதிய உயர்வுக்காகப் போராடி வெல்பவர்கள், அதனால் இன்னொரு கதவு மூடக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அரசுச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களில் வாசல் வேறு வகையில் சிக்கலாகிறது. தம் ஊழியருக்குச் சொந்த வைப்பு நிதியோ ஓய்வூதியமோ வழங்கும் அத்தகைய நிறுவனங்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்தது. நிலையான பணியாளருக்கு அந்தச் சொந்தத் திட்டம் உண்டு. தற்காலிகப் பணியாளருக்கு அதுவும் இல்லை, விலக்கின் காரணமாகப் பொதுத் திட்டமும் இல்லை என்று நேரும்போது அவர் இரண்டு கூரைகளுக்கும் நடுவே மழையில் நிற்பவராகிறார். பவன் ஹன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தப் பணியாளருக்கும் வைப்பு நிதிப் பயன் உண்டு என்று கூறியதால் இந்த இடைவெளி குறித்த வாதங்களில் அது முக்கியமானதாகிறது.

மே மாதத்தின் விலை

மூன்றாவது, தொடர்ச்சி. ஜூன் முதல் ஏப்ரல் வரை, அல்லது இரண்டு பருவங்களின் வகுப்பு நாள்கள் மட்டும் என்று பணிக்காலத்தை வரையறுத்து, கோடை விடுமுறைக்கு முன் விடுவித்து, கல்லூரி திறந்தபின் மறுபடி நியமிக்கும் வழக்கம் பகுதிநேரப் பணிகளில் பரவலானது. விடுபட்ட மாதங்களுக்குச் சம்பளம் இல்லை என்பது உடனே தெரியும் இழப்பு. அது ஓய்வூதியக் கணக்கில் உண்டாக்கும் இழப்பு தெரிய ஆண்டுகள் ஆகும்.

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும். உரிய வயது 58. ஓய்வூதியத் தொகை, சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் கிடைப்பது. சராசரி ஊதியம் 12,000, பணி 10 ஆண்டு என்றால் மாதம் ஏறத்தாழ 1,714 ரூபாய். ஆண்டுக்கு 10 மாதமே நியமிக்கப்படும் ஒருவருக்கு அந்த 120 மாதங்கள் நிறைய 12 ஆண்டு ஆகும். தொடர்ந்து நியமிக்கப்படுபவர் 48 வயதில் சேர்ந்தாலும் 58இல் தகுதி பெறலாம். விட்டுவிட்டு நியமிக்கப்படுபவர் 46 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பின் சேர்பவருக்கு, அவர் சம்பளத்தை வைத்து மாதந்தோறும் ஓய்வூதிய நிதிக்குச் சென்ற 8.33 சதவீதம் ஒருமுறை பெறும் சிறு தொகையாகத் திரும்புமே தவிர, மாத ஓய்வூதியமாக மாறாது.

ஈ.எஸ்.ஐ.யில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஒரு காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால்தான் அதற்குரிய பயன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை, அதாவது ஊதியத்தின் 70 சதவீதம் 91 நாள் வரை, கிடைக்கும். வாரத்தில் 3 நாள் மட்டும் வகுப்பெடுத்து, வந்த நாளுக்கே ஊதியம் பெறும் ஒருவர், 26 வாரமும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் சேர்வது சரியாக 78. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான காலத்தில் மே மாதம் விழுந்துவிடுவதால் அந்த எண்ணைத் தொட வழியே இல்லை. பங்களிப்பைப் பிடிக்கும்போது இந்த வேறுபாடு பார்க்கப்படுவதில்லை. உதவித்தொகை கேட்கும்போது பார்க்கப்படுகிறது. மகப்பேற்றுப் பயனுக்கு இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் போதும் என்பது ஓரளவு ஆறுதல். கல்லூரிகளில் பகுதிநேரமாகக் கற்பிக்கும் இளம் பெண்களுக்கு 26 வார ஊதியம் என்பது சிறிய தொகையன்று.

பெருந்தொற்றுக் காலம் இந்த மூன்றாவது உண்மையை வெளிச்சமாக்கியது. 2020 மே, ஜூன், ஜூலை மாதங்களுக்கு வைப்பு நிதி வீதத்தை 12இலிருந்து 10 சதவீதமாக மத்திய அரசு குறைத்தது. நாளிதழ்கள் அதைச் சலுகை என்று எழுதின. வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெற்று, வகுப்பே நடக்காமல் இருந்தவருக்குச் சுழியத்தின்மேல் 12 சதவீதமும் ஒன்றுதான், 10 சதவீதமும் ஒன்றுதான்.

பிற நாட்டுக் கணக்குகள்

இதே சிக்கலைப் பிற நாடுகள் வேறுவேறு வழியில் அணுகுகின்றன. அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சித் திட்டமோ துறையோ 100 டாலர் சம்பளம் கொடுத்தால், அதன்மேல் குறித்த வீதத்தில் ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்தின் பொது நல நிதிக்குக் கட்ட வேண்டும். பகுதிநேரத்தாருக்கு மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் பெரும்பாலும் இல்லாததால் அவர்களுக்குரிய வீதம் மிகக் குறைவாக இருக்கும். குறைந்த வீதம் என்பது அங்கே குறைந்த பாதுகாப்பின் மறுபெயர். ஆயினும் ஒரு கணக்கில் அந்நாடு நுட்பம் காட்டியிருக்கிறது. வாரத்திற்கு 30 மணிநேரம் வேலை செய்பவரை மருத்துவக் காப்பீட்டிற்கு முழுநேரத்தாராகக் கொள்ளும் சட்டம் வந்தபோது, பகுதிநேர ஆசிரியரின் நேரத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி எழுந்தது. வகுப்பறையில் செலவிடும் ஒவ்வொரு மணிநேரத்தையும் 2¼ மணிநேரமாகக் கொள்ளலாம் என்று 2014இல் அந்நாட்டு வரித்துறை விதி வகுத்தது. பாடம் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் வேலைதான் என்பதை ஓர் அரசு எண்ணால் ஒப்புக்கொண்ட இடம் அது.

இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் 8, நிறுவனம் 12 சதவீதம் சேமலாப நிதிக்கும், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மேலும் 3 சதவீதமும் கட்ட வேண்டும். தற்காலிகப் பணியாளரும் நாட்கூலி பெறுபவரும் அதில் அடங்குவர், இந்தியாவில் உள்ளதுபோன்ற ஊதிய உச்சவரம்பு கிடையாது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியில், மாதம் 50 வெள்ளிக்கு மேல் பெறும் எவருக்கும் முதலாளி தன் பங்கைக் கட்டத் தொடங்கிவிட வேண்டும். ஊழியரின் பங்கோ 500 வெள்ளியைத் தாண்டியபின்தான் தொடங்கி மெல்ல ஏறுகிறது. குறைந்த நேரம் உழைப்பவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக, உள்ளே விட்டு அவர் சுமையை மட்டும் குறைக்கும் முறை இது.

இந்தியாவின் புதிய தொகுப்புச் சட்டமும் இத்திசையில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. குறித்த காலத்திற்கு நியமிக்கப்படுபவர் பணிக்கொடைக்காக 5 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை, ஓராண்டுப் பணி முடித்தாலே விகிதப்படி பெறலாம் என்பது அதன் விதி. ஆண்டுக்கு 10 அல்லது 11 மாதமே நியமிக்கும் வழக்கம் தொடர்ந்தால் இந்த ஓராண்டையும் எட்ட முடியாது என்பதால், இங்கும் பயனைத் தீர்மானிப்பது மே மாதம்தான்.

முதலில் படிக்க வேண்டிய கட்டம்

வீதங்களை மாற்றுவது தில்லியின் அதிகாரம். அடித்தளம், வாசல், தொடர்ச்சி ஆகிய மூன்றும் பெரும்பாலும் கல்லூரி அலுவலகத்தின் நியமன ஆணையில் தீர்மானமாகின்றன. ஆகவே அவற்றைத் தனியொருவரும் சங்கமும் கேள்வி கேட்க முடியும். 2014இல் அறிமுகமான, பணி மாறினாலும் மாறாத உறுப்பினர் எண்ணைக் கொண்டு எவரும் தம் கைப்பேசியிலேயே வைப்பு நிதிப் பாஸ்புக்கைப் பார்க்கலாம். குறை இருந்தால் தூத்துக்குடி மாவட்டத்தார் அணுக வேண்டியது திருநெல்வேலி மண்டல அலுவலகம்.

அந்தப் பாஸ்புக்கைத் திறப்பவரின் கண் பெரும்பாலும் கடைசியில் உள்ள மொத்தத் தொகைக்கே செல்லும். ஆனால் ஒவ்வொரு மாத வரியிலும் பங்களிப்புத் தொகைகளுக்கு முன்பாக, எந்த ஊதியத்தின்மேல் அவை கணக்கிடப்பட்டன என்பதைக் காட்டும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: ஒன்று வைப்பு நிதிக்குரிய ஊதியம், மற்றது ஓய்வூதியத்திற்குரிய ஊதியம். நியமன ஆணையில் 12,000 என்றிருந்து அந்தக் கட்டத்தில் 6,000 என்றிருந்தாலோ, ஏப்ரல் வரிக்கு அடுத்து ஜூன் வரி வந்தாலோ, 12 சதவீதம் பிசகின்றிக் கட்டப்பட்டிருந்தும் அந்த ஆசிரியரின் முதுமைக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று அறியலாம்.